செம்மங்குப்பத்துச் சுவரும் என் மேனேஜரும்

என் கைப்பையின் உள்ளறையில் எப்போதும் ஒரு ரிமோட் கிடக்கும். டிவி ரிமோட் இல்லை. கூட்டங்களில் திரையில் ஸ்லைடு மாற்றுவதற்குக் கையில் வைத்துக்கொள்கிற, விரல் நீளமே உள்ள கறுப்பு ரிமோட். முன்னால் போகிற பட்டனில் அம்புக்குறி அழிந்து வழவழவென்று ஆகிவிட்டது. பின்னால் போகிற பட்டன் மட்டும் கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்த மாதிரியே இருக்கிறது. காரணம் உண்டு. இதை முதலில் வைத்திருந்தவருக்குப் பின்னால் போகிற பழக்கமே கிடையாது. அவர் என் மேனேஜர். வேலையை விட்டுப் போன அன்று இதை என் மேசையில் வைத்துவிட்டு, "வச்சுக்கோ, எனக்கு இனிமே வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். திறந்து பார்த்தேன், உள்ளே பேட்டரி இல்லை. கொடுக்கிறதுதான் கொடுக்கிறார், பேட்டரியோடு கொடுத்தால் என்னவாம் என்று அன்றைக்கு மனசுக்குள் முணுமுணுத்துக்கொண்டேன்.

நான் சேர்ந்தது பெரிய கன்சல்டிங் கம்பெனி, மற்ற கம்பெனிகளுக்கு யோசனை சொல்லிக் காசு வாங்குகிற இடம். பெயரைச் சொன்னால் கோட்டு போட்டவர்கள் எழுந்து கை கொடுப்பார்கள். ஆனால் பரங்கிப்பேட்டையில் அந்தப் பெயருக்கு ஒரு மதிப்பும் இல்லை. எங்கள் ஊரில் பெட்டி கட்டுவது புதிதல்ல. வீட்டுக்கு ஓர் ஆள் வெளிநாட்டில் இருக்கிற ஊர். கட்டிய பெட்டியோடு போனால் இரண்டு வருஷம் கழித்து வருவார்கள். திங்கட்கிழமை பெட்டி கட்டி, வெள்ளிக்கிழமை அதே பெட்டியோடு திரும்பி வருகிற வேலை என்ன வேலை என்று உம்மாவுக்கு விளங்கவே இல்லை. என் அக்கா வீட்டுக்காரர், மச்சான், அவருக்கு மட்டும் விளங்கிவிட்டது. "நோயாளிக்கிட்டயே போயி உனக்கு என்னா மருந்து வேணும்னு கேட்டு, அதையே அழகா எழுதிக் குடுத்துட்டு ஃபீஸ் வாங்கற டாக்டரு. அதானே உன் வேலை?" என்றார். எரிச்சலாக வந்தது. பாதி உண்மை என்பதால் ஜாஸ்தியாகவே வந்தது.

மீதிப் பாதியையும் சொல்ல வேண்டும் அல்லவா? இருபத்தைந்து வயதில் ஒரு சிமெண்ட் கம்பெனி முதலாளி என்னைப் பார்த்து, "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் குழம்புக்கு எவ்வளவு மிளகாய்த்தூள் போடலாம் என்றுகூட என்னை யாரும் கேட்டதில்லை. ஒரு வருஷத்தில் மருந்துத் தொழிற்சாலை, அடுத்த வருஷத்தில் துறைமுகம், அதற்கடுத்து ஆஸ்பத்திரி. வேறு யாருக்கும் பத்து வேலை மாறினால்தான் தெரியக்கூடியது எனக்கு ஒரே அடையாள அட்டையில் தெரிந்தது. கூட வேலை பார்த்தவர்கள் எல்லாரும் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். அவர்களோடு உட்கார்ந்தே எனக்கும் கொஞ்சம் கூர்மை ஏறியது. இதெல்லாம் சந்தோஷம். துக்கத்தையும் சொல்கிறேன். தங்கையின் நிக்காஹ்வை போனில் பார்த்தேன். ஏர்போர்ட் வரிசையில் நின்றபடி பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு நோன்பு திறந்திருக்கிறேன். எங்கள் ஸ்லைடுகளில் மனிதர்கள் என்று யாரும் கிடையாது; எல்லாரும் 'ஹெட்கவுண்ட்', வெறும் தலைக்கணக்குதான். உயிரைக் கொடுத்து எழுதிய அறிக்கை எவருடைய அலமாரியிலோ பிரிக்காமலே கிடக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கம்பெனியின் ஒரு விதி. குறிப்பிட்ட காலத்துக்குள் ஒரு படி மேலே ஏறிவிட வேண்டும், ஏறாவிட்டால் மரியாதையாக வெளியே போய்விட வேண்டும். நின்ற இடத்தில் நிற்க அங்கே யாருக்கும் இடமில்லை. கடலூரில் ஒரு வேலை வந்தபோது எனக்கு அந்தக் காலம் முடிகிற சமயம். முந்தைய மதிப்பீட்டில் என்னைப் பற்றி எழுதியிருந்தது இதுதான்: வேலை சுத்தம், ஆனால் கூட்டத்தில் வாயைத் திறப்பதில்லை. உம்மா கேட்டிருந்தால் சிரித்தே விழுந்திருப்பாள். வீட்டில் நான் புலி. அந்தக் கண்ணாடி அறைக்குள் நுழைந்தால் பூனை. எழுந்து நின்றால் இங்கிலீஷ் தொண்டையில் சிக்கும், கை தானாகத் துப்பட்டாவின் நுனியைப் பிடித்து முறுக்க ஆரம்பிக்கும். இந்த முறையும் பேசாவிட்டால் பெட்டியோடு ஊர் திரும்ப வேண்டியதுதான். வெள்ளிக்கிழமை திரும்புவது வேறு, ஒரேயடியாகத் திரும்புவது வேறு.

மேனேஜரைப் பற்றி இரண்டு வார்த்தை. தாம்பரத்துக்காரர். என்னைவிட எட்டு ஒன்பது வயது மூத்தவர் இருக்கலாம். அங்கே எல்லாரும் எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும்; என் வாய்க்கு அது வரவில்லை. மேடம் என்றால் முறைப்பார். கடைசியில் ஒருநாள் கோபத்தில் "மேனேஜரே!" என்று கூப்பிட்டேன். சிரித்துவிட்டார். அதுவே நிலைத்துவிட்டது. மூக்கு நுனியில் கோபம், அதைவிட வேகமாக நடை, சாப்பிடும்போதுகூட ஒரு கால் செருப்பிலேயே இருக்கும். அவருக்கும் அது முக்கியமான வருஷம். கம்பெனியிலேயே பங்கு கிடைக்கிற பெரிய பதவி, பார்ட்னர், அதற்கான வரிசையில் இருந்தார். ஒருமுறை தள்ளிப்போயிருந்தது. இன்னொரு முறை தள்ளிப்போனால் அதே விதி அவருக்கும்.

கடலூருக்குத் தெற்கே செம்மங்குப்பத்தில் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கு ஒரு தொழில் இருந்தது. ரசாயனத் தொழிற்சாலைகளுக்கு நீல நிறப் பிளாஸ்டிக் டிரம் செய்கிற தொழில். அப்பா ஒன்றாக ஆரம்பித்தது. அவர் போனபிறகு இரண்டாகி, நடுவில் ஆள் உயரத்துக்கு மேலே ஒரு சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் பெரியவரின் மிஷின் ஆர்டர் இல்லாமல் சும்மா நிற்கும். அந்தப் பக்கம் சின்னவர் ஆர்டரை முடிக்க முடியாமல் திண்டாடுவார். இரண்டு பேருடைய லாரியும் பாதி பாரத்தோடு ஒரே ஊருக்கு ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். இப்படியே போனால் இரண்டும் மூழ்கும் என்று பேங்க் பயமுறுத்த, எங்களைக் கூப்பிட்டார்கள். எங்கள் முடிவு சுலபமானது: சுவரை இடி, ஒரே கம்பெனியாக்கு. பம்பாயில் இருந்த எங்கள் பார்ட்னருக்கு இந்த முடிவு ரொம்பப் பிடித்திருந்தது. இரண்டை ஒன்றாக்கும் வேலையும் எங்களுக்கே கிடைக்கும் அல்லவா!

மேனேஜருக்கு ஒரு பழக்கம். பெரிய கூட்டத்துக்கு முன்னால், அதில் உட்காரப் போகிற ஒவ்வொருவரையும் அவரவர் இடத்தில் போய்ப் பார்ப்பார். கசப்பான விஷயத்தை அங்கேயே சொல்லிவிடுவார், திட்ட விட்டுவிடுவார். "மீட்டிங்ல யாரும் எதையும் புதுசா கேக்கக் கூடாது" என்பார். கம்பெனியில் இதைப் பெரிய வித்தையாகப் பேசிக்கொள்வார்கள். எனக்கு இது அதிசயமாகப் படவில்லை. எங்கள் பக்கம் கல்யாணப் பேச்சு இப்படித்தான். மாமி வீடு, சாச்சா வீடு என்று ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கி எல்லாரையும் சம்மதிக்க வைத்த பிறகுதான் பேச்சு நாள் குறிப்போம். அன்றைக்குப் பேச ஒன்றும் இருக்காது, ஃபாத்திஹா ஓதிக் கற்கண்டு கொடுப்பதுதான் பாக்கி.

ஆக, கூட்டத்துக்கு முந்தின நாள் காலை நான் பெரியவர் வீட்டுக்கும் சின்னவர் வீட்டுக்கும் போனேன். இரண்டு பேரும் மறுக்கவில்லை. தலையாட்டினார்கள், "பாக்கலாம்மா" என்றார்கள். பெரியவர் வீட்டம்மா காபி டம்ளரை வாங்கிக்கொண்டே, "சிதம்பரத்துல சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. மஞ்சக்குப்பத்தில் சின்னவர் வீட்டிலும் அவர் மனைவி வாசல்வரை வந்து அதையே கேட்டார்: "சிதம்பரத்துல என்னா சொன்னாங்க?" இந்த முறை நான் விடவில்லை. யார் சிதம்பரத்தில் என்று கேட்டேன். "எங்க நாத்தனாரு. இவுங்க ரெண்டு பேருக்கும் அக்கா. அவுங்க சரின்னு சொல்லாம எங்க வீட்டுல ஆணி கூட அடிக்க மாட்டாங்களே" என்றார், இதுகூடத் தெரியாதா என்கிற முகத்தோடு.

யா அல்லாஹ்! எங்களிடம் ஒரு படம் இருந்தது. யார் யாருக்கு என்ன அதிகாரம் என்று கட்டம் கட்டமாகப் போட்ட படம். மேனேஜர் பார்த்துப் பார்த்துப் போட்டது. அதில் பேங்க் மேலாளருக்குக் கட்டம் உண்டு, ஆடிட்டருக்கு உண்டு. அக்காவுக்கு இல்லை. பங்கு இல்லை, பதவி இல்லை, கட்டமும் இல்லை.

ஓட்டலில் இட்லியில் கை வைத்திருந்த மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். "பங்கே இல்லாதவங்கள நான் எதுக்குப் போய்ப் பார்க்கணும்? நாளைக்கு பார்ட்னர் ஃப்ளைட்ல வந்து இறங்கறாரு. இப்பப் போய் குடும்பக் கதை பேசற!" என்று சீறினார். எனக்கும் சுர்ரென்று ஏறியது. "மேனேஜரே, எங்க மச்சான், பக்கத்து ஊரு கிள்ளையில இருக்கற அவரோட அக்காகிட்டக் கேக்காம மோட்டார் பைக் கூட மாத்த மாட்டாரு. சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கணும். நீங்க வரலன்னா நான் பஸ்ஸ பிடிச்சுப் போறேன்" என்றேன். அந்தக் கம்பெனியில் சேர்ந்த நாளிலிருந்து நான் தடுமாறாமல் முழுசாகச் சொல்லி முடித்த முதல் பேச்சு அதுதான். மேனேஜர் என்னையே பார்த்தார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு டிரைவரைக் கூப்பிட்டார்.

சிதம்பரத்தில் மேல வீதியை ஒட்டிய சந்தில் வீடு. அக்காவுக்கு அறுபது தாண்டியிருக்கும். எதற்கு வந்தோம் என்று கேட்பதற்கு முன்னால் இலை போட்டுவிட்டார். சம்பா சாதமும் கத்தரிக்காய் கொத்சுவும். மேனேஜர் வழக்கம்போல அவசரமாக எடுத்துப் போட்டுக்கொள்ள, "மெதுவா சாப்புடும்மா, யாரும் புடுங்க மாட்டாங்க" என்று ஓர் அதட்டல் போட்டார். என் மேனேஜரை ஒருவர் அதட்டி, அவர் அடங்கியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். சாப்பாடு முடிந்ததும் விஷயத்தைச் சொன்னோம். சுவரை இடிக்க வேண்டும் என்றதுமே அவர் முகம் மாறிவிட்டது.

"அந்தச் சுவத்த எழுப்ப வச்சதே நான்தான், தெரியுமா? அப்பா போனப்புறம் ரெண்டு பேரும் ஒருத்தன் சட்டைய ஒருத்தன் புடிச்சானுவ. ஒரு வருஷம் மூஞ்சிய பாத்துக்கல. சுவரு எழும்புச்சு, சண்ட நின்னுச்சு. இப்ப தீபாவளிக்கு ரெண்டு பேரும் இந்தக் கூடத்துலதான் பக்கத்துப் பக்கத்துல உக்காந்து சாப்புடறானுவ. நீங்க இடிச்சிட்டுப் போயிடுவீங்க. அப்புறம் எனக்குத் தம்பிங்கள யாரு குடுப்பா?"

எங்கள் ஸ்லைடு எதிலும் இதற்குப் பதில் இல்லை. எனக்கு எங்கள் தெரு ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டுக்கும் பெரிய வாப்பா வீட்டுக்கும் நடுவில் சுவர் உண்டு. சொத்து தனி, அடுப்பு தனி. ஆனால் அந்தச் சுவரில் ஒரு கதவும் உண்டு. பெண்கள் தெருவில் இறங்காமல் அதன் வழியாகத்தான் போவோம் வருவோம். சர்க்கரை போகும், பிள்ளைகள் போகும், ஊர்க்கதையும் போகும். யோசிக்காமலே சொல்லிவிட்டேன். "இடிக்க வேண்டாம்மா. சுவரு இருக்கட்டும். கணக்கு தனி, கேட்டு தனி, பேரு தனி. நடுவுல ஒரு கதவு மட்டும் வைப்போம். மிஷினுக்கும் லாரிக்கும் அது போதும்." அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "நீ எந்த ஊரு பொண்ணு?" என்றார். சொன்னேன். "அதான்" என்றார். நாளைக்குக் கூட்டத்துக்கு வண்டி அனுப்பச் சொன்னார்.

திரும்பும் வழியில் காருக்குள் இடி விழுந்தது. "நீ என்ன பண்ணி வச்சிருக்க தெரியுமா? மொத்த முடிவையும் ஒரு கொத்சு இலையில மாத்திட்ட!" என்று ஆரம்பித்தவர் ஆலப்பாக்கம் தாண்டும்வரை ஓயவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வேலை போயிற்று, உம்மாவுக்கு என்ன சொல்வது என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. திடீரென்று சத்தம் நின்றது. பார்த்தால் மடியில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். மிஷின் நேரத்தையும் லாரி பாரத்தையும் கதவு கணக்கில் மறுபடி போட்டுப் பார்த்தார். "லாபத்துல முக்கால்வாசி கதவுலயே வந்துடுது" என்றார், யாரோ ஏமாற்றிவிட்ட மாதிரி. பார்ட்னருக்குப் போன் போட்டுச் சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதில் எனக்கே கேட்டது. கதவு வைக்க நம் கம்பெனி எதற்கு, ஒரு கொத்தனார் போதுமே என்றார் அவர். மேனேஜர் அசரவில்லை. "இது சரியான பதில். நாளைக்கு இதைத்தான் சொல்லப் போறோம்" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு வைத்தார். என் பக்கம் திரும்பி, "நீதான் பேசற. தமிழ்லயே பேசு" என்றார். அந்தப் பதிலுக்கு அவர் என்ன விலை கொடுக்கிறார் என்று அப்போது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

மறுநாள் அவர்கள் தொழிற்சாலைக் கூடத்தில் கூட்டம். சுவருக்கு அந்தப் பக்க ஆட்கள் ஓர் ஓரம், இந்தப் பக்க ஆட்கள் ஓர் ஓரம். சிதம்பரத்து வண்டி வந்து நின்று அக்கா உள்ளே நுழைந்ததும் அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள். யார் இது என்று பார்ட்னர் மேனேஜரைக் கேட்டார். "இவர்தான் முதலாளி" என்றார் மேனேஜர். பிறகு இந்த ரிமோட்டை என் கையில் திணித்துவிட்டு, லேப்டாப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். ஒரு கை லேப்டாப்பில், வாய் பார்ட்னரின் காதில், தமிழை இங்கிலீஷாக்கிச் சொல்ல. கண் மட்டும் என் மேல்.

நான் பேசினேன். அட, எப்படிப் பேசினேன்! பட்டனை அமுக்கினேன், ஸ்லைடு மாறியது. சும்மா நிற்கிற மிஷினைச் சொன்னேன், மாறியது. பாதி பாரத்தோடு போகிற லாரியைச் சொன்னேன், மாறியது. கையில் துப்பட்டா இல்லை, தொண்டையில் முள் இல்லை. வீட்டுப் புலி வெளியே வந்துவிட்டது. கதவு என்று சொன்னபோது பெரியவர் முதல் தடவையாக வாயைத் திறந்தார். "கதவுன்னா சாவி உண்டே. சாவி யார்கிட்ட இருக்கும்?" சின்னவர் அண்ணனையே பார்த்தார். முந்தின இரவு இரண்டு வீட்டிலும் கதவைப் பற்றிச் சொன்னபோது இந்தக் கேள்வியை யாரும் எங்களிடம் கேட்டிருக்கவில்லை. மேனேஜர் பக்கம் பார்த்தேன். அவர் கண் என் மேலேயே இருந்தது. பதில் என்னிடம் இருந்தது.

"சாவியே வேணாம் ஐயா. எங்க வீட்டுக் கதவுக்கு ரெண்டு பக்கமும் தாப்பா. யாருக்குக் கோவம் வந்தாலும் அவுங்க பக்கம் சாத்திக்கலாம். ஆனா தொறக்கணும்னா ரெண்டு பேரும் தொறக்கணும்."

முதலில் சிரித்தவர் சின்னவர். பிறகு பெரியவர். அக்கா சிரிக்கவில்லை, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வைங்கடா கதவ" என்றார். முடிந்தது. கைதட்டல் எல்லாம் இல்லை, டீயும் மிக்சரும் வந்தன. கிளம்பும்போது அக்கா மேனேஜரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "தாப்பா சரி. கோச்சுக்கிட்டு சாத்தினா தட்டித் தொறக்க வைக்க ஒரு ஆளு வேணுமே" என்றார். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த வருஷம் நான் ஒரு படி ஏறினேன். உம்மா தெரு முழுக்க ஜாங்கிரி கொடுத்தாள். என்ன பதவி என்று கேட்டவர்களுக்கு, "அது இங்கிலீஷ்ல இருக்கு" என்று சொல்லிவிட்டாளாம். மேனேஜர் ஏறவில்லை. பெரிய வேலையைச் சின்னதாக்கிவிட்டார் என்று பார்ட்னர் சொன்னதாகக் காதில் விழுந்தது. விதி விதிதான். அவரை வழியனுப்பிய அதே அரங்கில் என்னை மேடையேற்றிக் கைதட்டினார்கள். எனக்கு அந்தக் கம்பெனி மேல் அவ்வளவு ஆத்திரம் வேறு என்றைக்கும் வந்ததில்லை. ஆனால் அவருக்காக நான் அழுதது வீண். அடுத்த மாதமே சிதம்பரத்திலிருந்து அவருக்குப் போன். அக்காதான். "தட்டித் தொறக்கற ஆளு நீதான்" என்று சொல்லிவிட்டார். இன்றைக்கு இரண்டு பக்கத்துக்கும் பொதுவான தலைமை அதிகாரி என் மேனேஜர். எங்கள் கம்பெனியிலிருந்து வெளியே போனவர்களில் பாதிப்பேர் இப்படி எங்கேயாவது பெரிய நாற்காலியில்தான் இருக்கிறார்கள். தள்ளிவிடுகிற கையே தூக்கியும் விடுகிற விசித்திரமான இடம் அது.

போன மாதம் செம்மங்குப்பம் போயிருந்தேன். இப்போது நானும் மேனேஜர். அவர்கள் புதிதாக ஒரு தொழிற்சாலை ஆரம்பிக்கிறார்கள், அந்த வேலையைக் கேட்டுப் போனேன். சுவர் அப்படியே இருக்கிறது. கதவு அகலமாக, லாரி போகிற அளவுக்குத் திறந்து கிடக்கிறது. இரண்டு பக்கத் தாழ்ப்பாளும் துருப்பிடித்திருந்தன, சாத்தியே நாளாகிவிட்டதாம். கதவை ஒட்டினாற்போல அவருடைய அறை. அதே நடை, அதே கோபம், செருப்பை மட்டும் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். கூட்டத்துக்கு முன்னால் பையிலிருந்து இந்த ரிமோட்டை எடுத்தேன். பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"இத இன்னும் வச்சிருக்கியா? வேலை செய்யுதா?"

"அன்னைக்கு எவ்வளவு நல்லா வேலை செஞ்சுது மேனேஜரே! இது கையில இருந்ததாலதான் பேசினேன்" என்றேன்.

அவர் சிரித்தார். "மண்ணாங்கட்டி. அன்னைக்குக் காலையில கார்லயே அது செத்துப் போச்சு. செம்மங்குப்பத்துல அந்த நேரத்துல பேட்டரிக்கு எங்க போறது? சொன்னா நீ பயந்துடுவ, வெறுங்கையோட நின்னா துப்பட்டாவ முறுக்குவ. அதான் கையில குடுத்தேன். நீ கட்டைவிரல அமுக்கறப்பல்லாம் நான் லேப்டாப்புல தட்டினேன்."

அந்த மேசை, லேப்டாப் மேல் இருந்த அந்தக் கை, என்னை விட்டு விலகாத அந்தக் கண், எல்லாம் ஒன்றாக முன்னால் வந்து நின்றன. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து, தன் பதவி கையை விட்டுப் போவது தெரிந்தே என் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த மனுஷியைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். "சரி சரி, வேலையப் பாரு, வெளிய எல்லாரும் காத்திருக்காங்க" என்று அதட்டினார்.

கூட்ட அறையில் பெரியவர், சின்னவர், நடுவில் அக்கா. நான் ரிமோட்டின் மூடியைத் திறந்து பேட்டரியைக் கழற்றி மேசை மேல் வைத்தேன். லேப்டாப்பை மேனேஜர் பக்கம் தள்ளினேன். வெறும் ரிமோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, "மேனேஜரே, மாத்துங்க" என்றேன். அவர் என் கட்டைவிரலைப் பார்த்தார். முதல் ஸ்லைடு வந்தது.